அருவியைக் கம்பியில் ஏற்றியவர் – சர் சி. பி. இராமசாமி ஐயர்



சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, இல்லையென்றால் வரிசை வீடுகள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, கைகளை நீட்டிக்கொண்டு, இரும்புக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப் பக்கம் போகின்றன. தினமும் பார்ப்பதால் அவை நம் கண்ணில் படுவதே இல்லை.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் அப்படி ஒரு கோபுர வரிசை இருந்தது. எங்கள் லயத்துக்கு மேலேயே கம்பி போனது. மழை நாளில் அது உஸ்ஸென்று இரையும். ஆனால் எங்கள் லயத்தில் கரண்ட் கிடையாது. சாயங்காலம் இஞ்சின் வீட்டில் ஜெனரேட்டர் ஓடும். இரவு பத்து மணி அடித்தால் லைட்டு போய்விடும். அதற்கப்புறம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். தலைக்கு மேலே ஓடுகிற மின்சாரம் நம்ம வீட்டுக்குள்ளே ஏன் இறங்கவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். அது லம்பத்துக்குப் போகிறது, நமக்கு இல்லை என்றார். அந்தப் பதில் பல காலம் என் மனத்தில் முள்ளாகக் கிடந்தது.

கம்பி எங்கே தொடங்க வேண்டும் என்பதை மலையும் ஆறும் முடிவு செய்கின்றன. எங்கே போய் இறங்க வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்கிறான். இந்த உண்மையைத் தமிழ்நாட்டில் நன்றாக அறிந்திருந்த ஒருவரின் வாழ்க்கையை இந்தப் பரிசளிப்பு நாள் மலரில் சொல்ல விரும்புகிறேன். அவர்தான் சர் சி. பி. இராமசாமி ஐயர். பெரியவர்கள் வெறுமனே சி.பி. என்பார்கள்.

பிறப்பும் படிப்பும்

சி.பி. 1879-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வட ஆர்க்காட்டு வந்தவாசியில் பிறந்தார். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த சீமை அது. தந்தை பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் இருந்தவர், கண்டிப்பானவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வசதி இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படித்துவிடுவதில்லையே! சி.பி. படித்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம் மூன்றிலும் பரிசு வாங்கினார். அதோடு எல்பின்ஸ்டன் பரிசு என்ற பெரிய பரிசும் அவருக்குக் கிடைத்தது. எதற்காகத் தெரியுமா? நிகராகுவா நாட்டின் குறுக்கே கால்வாய் வெட்டுவதைப் பற்றி எழுதிய கட்டுரைக்காக! உலகத்தின் மறு கோடியில் உள்ள ஒரு நாட்டின் மண்ணையும் நீரையும் பற்றிச் சென்னையில் இருந்த ஒரு மாணவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பரிசு வாங்க இன்று மேடை ஏறப்போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அவர் ஆறுகளை அணையில் நிறுத்தப் போகிறார் என்பதற்கு அந்தக் கட்டுரை ஒரு முன்னறிவிப்புப் போல இருக்கிறது.

ஆங்கிலப் பேராசிரியர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. வக்கீல் ஆக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் சொல்லே நின்றது. 1903-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பெயர் பெற்ற வக்கீல்களில் ஒருவரானார்.

அன்னி பெசண்ட் அம்மையார் மீது நடந்த புகழ்பெற்ற வழக்கில் அம்மையாருக்கு எதிராக வாதாடியவர் சி.பி. அதே சி.பி. பிறகு அம்மையாரின் சுயாட்சி இயக்கத்தில் சேர்ந்து அவருக்குப் பக்கபலமாக நின்றார். வழக்கு வேறு, நாட்டுக் காரியம் வேறு என்று பிரித்துப் பார்த்த மனம் அது. 1920-இல் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் ஆனார். 1923-இல் சென்னை மாகாண நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. பெயர்தான் சட்ட உறுப்பினர். பாசனமும் பொதுப்பணியும் துறைமுகமும் மின்சாரமும் அவர் கையில் இருந்தன.

தங்கத்துக்கும் ஈயத்துக்கும் போன கம்பி

அன்றைய நிலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் சி.பி. செய்த காரியத்தின் அருமை புரியாது.

தென்னிந்தியாவில் நீர்வீழ்ச்சியிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுத்தது மைசூர் சமஸ்தானம்தான். காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் 1902-இல் மின் நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகமே வியந்த தூரம் அது. கம்பி போன இடம் கோலார் தங்க வயல். அங்கே பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். மின்சாரம் சுரங்கத்துக்கு முதலில் போனது. பெங்களூர்த் தெருவுக்கு 1905-இல்தான் விளக்கு வந்தது.

நம்ம பேராக்கிலும் ஏறக்குறைய இதே கதைதான். பேராக் ஆற்றைச் செண்டரோவில் மறித்து, ஒரு ஆங்கிலேயக் கம்பெனி 1930-இல் நீர்மின் நிலையம் கட்டி முடித்தது. தொடக்கத்தில் 27 மெகாவாட். அங்கிருந்து 66,000 வோல்ட்டில் கிந்தாப் பள்ளத்தாக்குக்குக் கம்பி இறங்கியது. ஈயம் வாரும் பெரிய தோண்டிக் கப்பல்களையும், மணலும் தண்ணீரும் சேர்த்து உறிஞ்சும் பம்புகளையும் ஓட்டுவதற்கு அந்த மின்சாரம் தேவைப்பட்டது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு நிற்கிற பழைய ஈயக் கப்பலைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இயந்திரம் என்று தெரியும். காசு கொடுக்க முடிந்தவன் பக்கம் கம்பி போனது. கம்பெனி வியாபாரம் பண்ண வந்தது; அதன் கணக்கு அது. இடையில் இருந்த ரப்பர்த் தோட்டத்து லயங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

சென்னை மாகாணத்திலும் இப்படி ஒரு கம்பெனிக்கு ஆற்றை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி இருந்திருக்கலாம். சி.பி. அப்படிச் செய்யவில்லை. அரசாங்கமே கட்ட வேண்டும், அரசாங்கமே கம்பி இழுக்க வேண்டும் என்ற வழியைப் பிடித்தார்.

பைக்காரா

நீலகிரியில், உதகமண்டலத்துக்குப் பக்கத்தில், பைக்காரா என்று ஓர் ஆறு. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளுக்கு நடுவே ஓடி, மலை விளிம்பில் படிப்படியாக விழுகிறது. மேலேயிருந்து கீழே சிங்காரா வரை குழாயில் தண்ணீரை இறக்கினால் 3,000 அடிக்கும் மேலான உயரம் கிடைக்கும். தண்ணீர் கொஞ்சம்தான்; ஆனால் விழுகிற உயரம் பெரிது. அந்த வேகம் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மின்சாரம் தரும். சிங்காரா மின் நிலையத்துக்கு மேலேயிருந்து விஞ்சில் இறங்கியவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

நிலக்கரி வாங்கி எரிக்க வேண்டாம். மழை பெய்கிற வரை ஆறு ஓடும். ஆறு ஓடுகிற வரை விளக்கு எரியும். இன்று இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று பெரிய பெயர் சொல்லிப் படிக்கிறோம். சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. வடக்கிலிருந்து வர வேண்டும். அதனால் மழையை நம்புவது அவர்களுக்கு அன்றே பிழைப்புக்கான வழியாக இருந்தது.

புதிய மின் திட்டம் எதற்கும் ஒரு கேள்வி எழும். மின்சாரத்தை வாங்க ஆள் எங்கே? ஆள் வந்தபிறகு கம்பி இழுக்கலாம் என்று ஒருவர் சொல்வார். கம்பி இல்லாமல் ஆள் எப்படி வருவான் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தால் பத்து வருஷம் ஓடிவிடும். சி.பி. கம்பி முதலில் என்ற பக்கம் நின்றார். 1927-இல் மாகாண அரசாங்கத்துக்கென்று தனி மின்சாரத் துறை உருவாயிற்று. ஹோவர்டு என்ற பொறியாளர் அதற்குத் தலைவர் ஆனார்.

1928-இல் சி.பி.யின் பதவிக் காலம் முடிந்தது. 1929-இல்தான் பைக்காராவில் வேலை முழு வேகம் பிடித்தது. 1932-இல் மின்சாரம் வந்தது. சக்கரம் சுற்றிய அன்று அவர் அந்த நாற்காலியில் இல்லை. விதை போட்டவன் ஒருவன், நிழலில் உட்கார்ந்தவன் வேறொருவன். நல்ல காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு

பைக்காராவின் மின்சாரம் மலையிலேயே இருந்தால் யாருக்கு என்ன பயன்? அது கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். காட்டிலும் பாறையிலும் கோபுரம் நட்டு, 66,000 வோல்ட்டில் கம்பி இழுத்தார்கள்.

பிள்ளைகளே, எதற்காக இத்தனை ஆயிரம் வோல்ட் என்று கேட்கலாம். கம்பியில் மின்னோட்டம் போகும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு வீண். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வீணாவது நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். அதே சக்தியை அனுப்ப, வோல்ட்டைப் பத்து மடங்கு உயர்த்தினால், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். வீணாவதும் நூற்றில் ஒரு பங்காகக் குறையும். பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: ஒரே அளவு பாலைச் சின்ன டின்னில் நூறு நடை தூக்கினால் வழியெல்லாம் சிந்தும், பெரிய வாளியில் பத்தே நடையில் தூக்கினால் சிந்துவது குறைவு. அதனால்தான் மின் நிலையத்தில் வோல்ட்டை உயர்த்துகிறார்கள். ஊருக்குப் பக்கத்தில் துணை நிலையம் வைத்து, மீண்டும் இறக்கி வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். கம்பி மட்டும் இருந்தால் போதாது. இறக்கிக் கொடுக்கும் இடமும் வேண்டும். எங்கள் தோட்டத்து லயத்துக்கு மேலே கம்பி இருந்தும் விளக்கு இல்லாததன் காரணம் இதுதான். இறக்கிக் கொடுக்க யாரும் காசு போடவில்லை.

கோயம்புத்தூரில் இறக்கிக் கொடுத்தார்கள். பஞ்சாலைகள் பெருகின. அதைவிடப் பெரிய மாற்றம் கிணற்றில் நடந்தது. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. மாடு பூட்டிக் கவலை இறைத்து, விடிகாலையிலிருந்து பாடுபட்டால்தான் கொஞ்ச நிலம் நனையும். மின்சாரப் பம்பு வந்ததும் அந்த நிலைமை மாறத் தொடங்கிற்று. பம்பு வேண்டுமென்றால் மோட்டார் வேண்டும். 1937-இல் ஜி. டி. நாயுடு கோயம்புத்தூரிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். கம்பி வந்த பிறகு ஆள் வந்தான், ஆலை வந்தது, கைத்தொழில் வந்தது. ஆள் எங்கே என்ற கேள்விக்கு இதுவே பதில்.

அந்த ஆண்டுகளில் மலாயாவில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஆயிரம் ஆயிரமாகத் தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். வெறுங்கையோடு போனவர்களுக்கு ஊரில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. மின்சாரம் போய்ச் சேர்ந்த ஊர்களிலாவது ஏதோ ஒரு வேலை முளைத்தது.

மேட்டூரும் பள்ளிவாசலும்

சி.பி. கைவைத்த இன்னொரு பெரிய காரியம் மேட்டூர் அணை. காவிரித் தண்ணீரைப் பற்றி மைசூருக்கும் சென்னைக்கும் பல காலமாக இருந்த சண்டை 1924-இல் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் அணை முடிந்தது. தஞ்சைக்குப் பாசனம் என்பது முதல் நோக்கம். 1937-இல் அணையடியிலும் மின்சாரம் எடுக்கத் தொடங்கி, பைக்காராக் கம்பியோடு இணைத்தார்கள். 1944-இல் தாமிரபரணியில் பாபநாசமும் சேர்ந்தது. ஒரு ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இன்னொரு ஆறு கைகொடுக்கும். இப்படிப் பல நிலையங்களை ஒரே வலையாகப் பின்னுவதுதான் மின் கட்டமைப்பு.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. மேட்டூர் நீரில் பல கிராமங்கள் மூழ்கின. அங்கே வீடும் கோயிலும் வைத்திருந்தவர்கள் எழுந்து போக வேண்டியிருந்தது. ஒரு ஊருக்கு வெளிச்சம் கொடுக்க இன்னொரு ஊரை இருட்டாக்கினோமா என்று ஒவ்வொரு அணை கட்டும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1936-இல் சி.பி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் ஆனார். அதே ஆண்டு நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று பிரகடனம் செய்தார். 1937-இல் பல்கலைக்கழகம் வந்தது. 1938-இல் அரசாங்க பஸ் ஓடத் தொடங்கியது. 1940-இல் மூணாறு மலையில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலத் தமிழர்கள். அவர்கள் தலைக்கு மேலேதான் கம்பி ஆலுவாவை நோக்கிப் போனது. அங்கே 1943-இல் அலுமினிய உருக்காலை வந்தது. உரத் தொழிற்சாலையும் எழுந்தது.

நிறைவும் குறையும்

சி.பி.யை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது. திவானாக இருந்தபோது எதிர்ப்பை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. 1946 அக்டோபரில் புன்னப்புரா, வயலார் என்ற ஊர்களில் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கிளர்ந்து எழுந்தார்கள். பட்டாளம் சுட்டது. பல நூறு பேர் மாண்டார்கள். மலைத்தண்ணீரை மக்களுக்கு இறக்கிக் கொடுத்த அதே மனிதரின் ஆட்சியில் உழைப்பாளி ரத்தம் சிந்தியது. 1947-இல் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்றும் அறிவித்தார். ஜூலை 25-இல் ஒரு விழாவில் அவரை வெட்டினார்கள்; உயிர் தப்பினார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஆகஸ்டு மாதம் அவர் பதவியை விட்டு விலகினார்.

தோட்டத் தொழிலாளர் வீட்டில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது மனம் கசந்தது. கம்பியை எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு, கூலிக்காரனின் குரலுக்கு எப்படிச் செவி சாய்ப்பது என்று தெரியாமல் போனதே! ஒரு மனிதரிடம் நல்லதை எடுத்துக்கொள்ளலாம்; கெட்டதைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்காக மற்றதை மறைக்கக் கூடாது.

பின்னாளில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். பேராசிரியர் ஆக நினைத்த பையன் முதுமையில் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், 86-ஆம் வயதில், லண்டனில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் காலம் மாறிற்று. 1963-இல் கேமரன் மலை நீர்மின் திட்டம், பிறகு பத்தாங் பாடாங், தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செண்டரோக் கம்பெனியை 1982-இல் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டது. அந்த வாரியமே 1990-இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. இன்று 500,000 வோல்ட் கம்பிகள் நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாக இணைக்கின்றன.

எங்கள் தோட்டத்து லயத்திலும் ஒருநாள் கரண்ட் வந்தது. அன்று அம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து அலமாரி மேலே வைத்தது நினைவிருக்கிறது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. மறுபடியும் தேவைப்படலாம் என்ற பயமோ என்னவோ!

இப்போது உலகம் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிறது. தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. வறண்ட ராமநாதபுரத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 800,000 வோல்ட் கம்பி 2021-இல் முடிந்தது. தெற்கே காற்று மிகும் காலத்தில் அதே கம்பியில் மின்சாரம் வடக்கே போகலாம். வெயில் அடிக்கிற இடம் ஒன்று, விளக்கு வேண்டிய இடம் ஒன்று. இடையில் கம்பி இல்லையென்றால் சூரியன் காய்ந்தும் பயனில்லை. பைக்காராவில் கற்ற பாடம் இன்றும் அதேதான்.

மாணவர்களே! உங்களில் ஒருவர் நாளை மின் பொறியாளர் ஆகலாம், ஒருவர் கோபுரம் ஏறிக் கம்பி இழுக்கலாம், இன்னொருவர் மேசையில் உட்கார்ந்து கம்பி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையெழுத்துப் போடலாம். அந்த நாளில் வரைபடத்தில் உள்ள ஆலையையும் நகரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். கம்பிக்குக் கீழே ஒரு லயம், ஒரு கம்பம், ஒரு சின்ன வீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்.

பெற்றோர்களே! பிள்ளை படிக்க உட்காரும்போது டிவியை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டுக் கொடுங்கள். அந்த வெளிச்சம் சும்மா வந்ததல்ல. ஏதோ ஒரு மலையிலிருந்து, யாரோ பலர் பாடுபட்டு, நம்ம வீட்டுக்கு இறக்கிக் கொடுத்தது.

நம் பள்ளி வளர்க! பிள்ளைகள் வாழ்வில் ஒளி பெருகுக!